எருமை வைத்த நன்றி பேனர்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. இருந்த ஒன்றும் சரணாலயத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டது. ராஜா இல்லாமலே எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, அதனால் யாரும் தேடவில்லை. காடு என்றதும் மரம் அடர்ந்த காட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது மழையை நம்பி விதைக்கிற மானாவாரிக் காடு. கல்லும் கரடுமான ஒரு சரிவு.

சரிவின் உச்சியில் முள்ளம்பன்றி ஊசிமுத்துவின் நிலம். நடுவில் முயல் செவ்வந்தியின் நிலம். அடிவாரத்தில் எருமை கரியண்ணனின் நிலம். ஊசிமுத்துவுக்கு உழவில் ஒரு பெருமை உண்டு. மேலிருந்து கீழாக, நூல் பிடித்த மாதிரி நேராகச் சால் போடுவார். பஸ்ஸில் போகிற நரிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாருய்யா இப்படி உழுதிருக்கறது!" என்று வாயைப் பிளக்கும். மனுஷனுக்கு, மன்னிக்கவும், முள்ளம்பன்றிக்கு அது போதும்.

மழை வந்தால் அந்த நேர் சால் வழியாகத்தான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஊசிமுத்துவின் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து, செவ்வந்தியின் கடலைச் செடிகளையும் பிடுங்கிக்கொண்டு, இரண்டையும் கரியண்ணன் நிலத்தில் கொட்டிவிட்டுப் போகும். போன மழையில் செவ்வந்தியின் நிலத்தில் பாதிக்குப் பாதி பாறை தெரிய ஆரம்பித்துவிட்டது. இன்னொரு ஐப்பசி இப்படிப் போனால் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு டவுன் பக்கம் பிழைக்கப் போக வேண்டியதுதான். டவுனில் முயலை ஆசையாகக் கூப்பிடுகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். பிரியாணிக் கடைக்காரர்கள்.

பாவம், அவள் சும்மா இருக்கவில்லை. குட்டிகளோடு சேர்ந்து சரிவுக்குக் குறுக்கே ஒரு வரப்பு போட்டாள். மேலேயிருந்து வந்த வெள்ளம் அதைப் பிய்த்து எறிந்துவிட்டது. வேளாண் அலுவலர் கொக்கு மேடம் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கொக்குக்கு ஏது உதடு என்று கேட்காதீர்கள். கதை கேட்கிறீர்களா, குறுக்கு விசாரணை பண்ணுகிறீர்களா?

"மேல இருக்கறவர் வரப்பு போடாம நீங்க மட்டும் போட்டா நிக்காதும்மா," என்றார் மேடம்.

மேலே இருக்கிறவரைப் போட வைக்க, புளியமரத்தடியில் மண்வளப் பயிற்சி முகாம் நடந்தது. மசால் வடை என்று சொன்னதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. மேடம் தொண்டை வறளப் பேசினார். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், வரப்பு போடுங்கள், வரப்பில் புல் நடுங்கள், மண்ணும் தங்கும், தண்ணீரும் இறங்கும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே மென்றார்கள்.

"சந்தேகம் ஏதாவது இருக்கா?"

ஊசிமுத்து எழுந்தார். "வடை இன்னும் இருக்கா?"

முகாம் முடிந்ததும் செவ்வந்தி அவர் பின்னாலேயே ஓடினாள். "மாமா, உங்க கால்ல வேணாலும் விழறேன். ஒரே ஒரு வரப்பு போடுங்க. இந்த மழைக்கு மேல என் நிலம் தாங்காது."

"குறுக்க உழுதா சால் கோணையாத் தெரியும் பிள்ளை. பஸ்ஸுல போறவன் சிரிப்பான். அப்புறம், மழை பெய்யறதுக்கு நானா பொறுப்பு?" ஊசிமுத்து பல் குத்திக்கொண்டே போய்விட்டார்.

செவ்வந்திக்கு அழுகை அழுகையாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சரிவில் இறங்கியவள் கரியண்ணன் நிலத்தருகே நின்றாள். சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது.

"வா தங்கச்சி," என்றது எருமை. "பாத்தியா விளைச்சலை! உரம் கிடையாது, எரு கிடையாது. வருசா வருசம் மேலேயிருந்து நல்ல மண்ணு தானா வந்து இறங்குது. ஊசிமுத்து மாமாவை நினைச்சா எனக்குக் கண்ணு கலங்குது. இந்த மனசு யாருக்கு வரும், சொல்லு!"

கரியண்ணன் கேலி பண்ணவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பியது. செவ்வந்திக்குக் கோபம் தலைக்கேறியது. என் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு இதில் புகழ்ச்சி வேறா என்று கத்த வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். காது இரண்டும் விறைத்து நின்றன.

"அண்ணே, இவ்வளவு நன்றியை மனசுக்குள்ளேயே வச்சுக்கிட்டா எப்படி? நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

"எப்படித் தெரியப்படுத்தறது?"

"நம்ம ஊர்ல எப்படிப் பண்ணுவாங்க?"

எருமையின் முகம் மலர்ந்தது. "பேனர்!"

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பேனர் நின்றது. கூலிங் கிளாஸ் போட்டு ஊசிமுத்து சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில், "தன் நிலத்து மண்ணையெல்லாம் எருமைக்கு வாரி வழங்கிய வள்ளலே! வருக! வாழ்க! இவண், மண் வாங்கிக் கொழுத்த கரியண்ணன் குடும்பத்தார்."

டீக்கடைக் குரங்கு அதை உரக்கப் படித்துவிட்டுக் கேட்டது: "ஏன் மாமா, இத்தனை நாளும் எருமைக்காகத்தான் அவ்வளவு நேரா உழுதீங்களா?"

பஸ்ஸில் இருந்த நரிகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஊசிமுத்துவுக்கு உடம்பிலிருந்த முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது.

"என் மண்ணைத் தின்னுட்டு எனக்கே பேனரா? மேடத்துக்குப் போன் போடுடா!"

போன் போனது. "மேடம், இனிமே ஒரு பிடி மண்ணு கீழ இறங்கக் கூடாது. வரப்பு எவ்வளவு உசரம் போடணும்?"

"ஒண்ணரை அடி போதுங்க."

"ரெண்டடியாப் போட்டுர்றேன். எருமை எப்படி விளைய வைக்குதுன்னு பாத்துர்றேன்!"

அன்றே மண்வெட்டி விழுந்தது. உழவும் குறுக்கே திரும்பியது. அடுத்த பேனரில் நம் மூஞ்சி வந்துவிடுமோ என்ற பயத்தில் அக்கம்பக்கத்துச் சரிவுக்காரர்களும் வரப்பு போட்டார்கள். செவ்வந்தி தன் வரப்பைத் திரும்பக் கட்டிப் புல் நட்டாள்.

ஐப்பசி மழை அடித்து ஊற்றியது. செவ்வந்தி குட்டிகளை அணைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மேலேயிருந்து வெள்ளம் வரவே இல்லை. தண்ணீர் வரப்போரம் தேங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. கடலைச் செடி ஒன்றுகூடப் போகவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள், இந்தத் தடவை சந்தோஷத்தில். கொக்கு மேடத்துக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது. வாங்கட்டும், வடையாவது நன்றாக இருந்ததே.

தை மாதம் கரியண்ணன் தன் நிலத்துக்கு எரு தேடி, கூடையைத் தானே சுமந்துகொண்டு மேலே வந்தது.

"மண்ணு வரதே நின்னு போச்சு தங்கச்சி. நன்றி சொன்னது ஒரு தப்பா?" என்று மூக்கை உறிஞ்சியது. அப்புறம் அதன் கண் பளபளத்தது. "ஆனா ஒண்ணு. வறண்டு கிடந்த என் கிணத்துல இப்ப தண்ணி மேல வரைக்கும் நிக்குது. மேல தேங்கற தண்ணிதான் ஊறி வருதாம், மேடம் சொன்னாங்க. எல்லாம் ஊசிமுத்து மாமா புண்ணியம். இதோ, நேர்ல போயி ஒரு வார்த்தை..."

செவ்வந்தி ஒரே தாவாகத் தாவி அதன் வாயைப் பொத்தினாள்.

நீதி: சும்மா கிடைப்பது தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால், கொடுக்கிறவர் காதில் விழும்படி நன்றி சொல்லாதீர்கள்.