ஒட்டுப் போட்ட தெரு

ஓட்டை சரியாக நடுத்தெருவில் இருந்தது.

தெரு என்றால் துணித் தெரு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பழந்துணி வாங்கி, அவரவர் வீட்டை அவரவரே தைத்து, தாங்கள் குடியிருக்கும் தெருவையே சுவர் அகலத்துக்கு ஒரு சீலையாக ஆக்கியிருந்தார்கள். நகராட்சித் தலைவர் வந்து பார்த்து, "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஓவிய வாத்தியாருக்கு வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால், நாளை முதல் காலையில் மாமனார் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

"எலி கடிச்சிருக்கும் சார்," என்றாள் கூட்டிப் பெருக்கும் அக்கா.

"எலி இவ்வளவு வட்டமாவா கடிக்கும்? காம்பஸ் வெச்சிருக்கா?"

"பள்ளிக்கூடத்து எலியாச்சே. நாலெழுத்து படிச்சிருக்கும்."

பிள்ளைகள் தலைவரை வரவேற்க வாசலுக்குப் போய்விட்டார்கள். விசாரிக்க ஆளில்லை, அழுவதற்கு நேரமில்லை. வாத்தியார் மேடைத் திரையில் ஒரு துண்டு வெட்டி ஓட்டையை அடைத்தார். அவசரத்தில் மடிப்போடு வெட்டியதால் திரையில் இரண்டு ஓட்டை விழுந்தது. திரை இப்போது கண் திறந்து அவரையே பார்த்தது.

"ஐயோ, முழிக்குதே!"

மேசை விரிப்பை வெட்டித் திரையின் கண்ணை மூடினார். மேசை அம்மணமாகத் தெரிந்தது. கோட்டு இருந்தால் கழற்றி அதன்மேல் போர்த்தலாம். அவரிடம் கோட்டே கிடையாது. சட்டையின் முதுகை வெட்டி மேசையின் மானத்தைக் காப்பாற்றினார்.

"சார், முதுகெலும்பை எண்ணலாம் போலிருக்கே!"

"பரவால்லக்கா. இனிமே சாகுற வரைக்கும் புறமுதுகு காட்டமாட்டேன்."

சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டார்.

தலைவர் வந்தார். ஒரு கால் முழங்கால் வரை சேறு. நொண்டி நொண்டி வந்தவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஆனால் சீலையைப் பார்த்ததும் தலைவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, நம்ம தெரு! எவ்வளவு வழவழன்னு இருக்கு! நல்லாரு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள், பட்டாணி என்று எல்லாரும் கூப்பிடும் வாண்டுப்பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அலறினாள்:

"ஐயோ சார், அது நாங்க அளந்து வெட்டுன குழி! இப்ப இவரு விழுந்தாரே, அதையே யாரும் மூடல. இதைப் போய் ஏன் சார் மூடினீங்க?"