தூக்கம் கெட்டவர்களின் முதல் இசைத்தட்டு

சேசு மரி சூசை

மெக்சிகோ நகரம், நார்வார்த்தே
1960 டிசம்பர் 1, வியாழன்

அன்புத் தங்கை ரெஃபூஹியோவுக்கு,

மொரேலியாவில் நீயும் உன் கணவரும் உங்கள் மருந்துக்கடையும் தேவமாதாவின் அடைக்கலத்தில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் முழங்காலைப் பற்றி நீ விசாரிக்கவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. உன் மகன் எவரார்தோ என் வீட்டில் தங்கிச் சட்டம் படிப்பதாக நினைத்திருந்தாய். அவன் கிதாரைக் கட்டிக்கொண்டு கத்துகிறான், உடனே ரயிலேற்றி அனுப்பு, அப்பாவின் கடையில் மருந்து கலக்கட்டும் என்று எழுதியிருந்தாய். கன்னியர் மடத்தில் படித்த அக்கா இருந்துமா இந்தக் கூத்து என்றும் கேட்டிருந்தாய். உன் கையெழுத்து ஏன் இன்னும் வரிக்கு வரி சரிகிறது என்று நான் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. "பெரியம்மா, அடுத்த புதன்கிழமை எங்க ரெக்கார்டிங். முழு இசைத்தட்டு. எல்லாப் பாட்டும் நானே எழுதினது, நம்ம ஸ்பானிஷ் மொழியில. இதுவரைக்கும் எவனும் அப்படி ஒரு தட்டு போட்டதில்ல. எல்லாரும் வடக்கே அமெரிக்காவுலேருந்து வர்ற இங்கிலீஷ் பாட்டைத்தான் மொழிபெயர்த்துப் பாடறாங்க. அது முடியட்டும், அம்மா சொன்ன ரயில்ல ஏறிடறேன்" என்றான். அவனும் நண்பர்களும் தங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கும் பெயர் லோஸ் தெஸ்வெலாதோஸ். தூக்கம் கெட்டவர்கள் என்று அர்த்தம். கெட்டது யாருடைய தூக்கம் என்பதை என் பக்கத்து வீட்டாரிடம் கேள். ஆனாலும் ரயிலேறுவதாக வாக்குக் கொடுத்துவிட்ட பிள்ளையை மறுப்பது முறையல்ல என்பதால் சம்மதித்தேன், ஒரு நிபந்தனையோடு. ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள், இசைக்காரர்களின் பாதுகாவலி புனித செசிலியம்மாள் திருநாள். பாட்டுக்காரர்கள் எல்லோரும் கருவிகளைக் கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்கும் நாள். என் வீட்டிலிருந்து மந்திரிக்காத கருவி எதுவும் வெளியே போகாது என்றேன். உன்னிடம் மறைப்பானேன், கிதார் சத்தத்தைப் பெரிதாக்கும் அவர்களுடைய பெட்டிக்குள் பிசாசு ஏதாவது இருந்தால் தீர்த்தம் பட்டதும் ஓடட்டும், பையனும் ஒழுங்காக ஊர் போய்ச் சேரட்டும் என்றுதான் நினைத்தேன்.

கோவில் வாசலில் மரியாச்சிப் பாட்டுக்காரர்கள் வெள்ளிப் பொத்தான் பளபளக்க வரிசையில் நின்றார்கள். நம் பிள்ளைகள் அந்தப் பெட்டியை முக்கி முனகித் தூக்கி வந்ததைப் பார்த்து ஒரு எக்காளக்காரர், "என்னடா தம்பிகளா, ஐஸ்பெட்டியவா மந்திரிக்கக் கொண்டாந்தீங்க?" என்றார். மேளம் அடிக்கும் நபோர் இருக்கிறானே, வானொலி ரிப்பேர் கடைக்காரர் மகன், அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "உங்க தொப்பியவிட எடை கம்மிதாண்ணே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வரிசையில் நின்றேன்.

எங்கள் முறை வந்தது. லியோபால்தோ சாமியாருக்குக் கண்ணில் புரை. தெளிப்பது எங்கே விழுகிறது என்று தெரியாததால் தாராளமாகவே தெளிப்பார். பிள்ளைகளோ செசிலியம்மாளுக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்ட ஆசைப்பட்டு, குவாதலூப்பே மாதாவைச் சுற்றி எரியும் குழல் விளக்கின் மின் இணைப்பில் பெட்டியைச் செருகி வைத்திருந்தார்கள். "ஈரமாக்க வேணாம் சாமி, சும்மா கைய மட்டும் நீட்டுங்க" என்று எவரார்தோ கெஞ்சினான். நான்தான், "அரைகுறை ஆசீர்வாதம் என் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டாம் சாமி, நன்றாக ஊற்றுங்கள்" என்றேன். சாமியார் நன்றாக ஊற்றினார். படார் என்று ஒரு சத்தம், நீலப் புகை, மாதாவின் விளக்கு அணைந்தது, சாமியார் உடுப்பு மாற்றும் சக்கரீஸ்து அறை விளக்கு அணைந்தது, தெருவில் ரொட்டிக்கடை விளக்கும் அணைந்ததாகப் பிறகு சொன்னார்கள். முன்வரிசைக் கிழவிகள் புதுமை, அற்புதம் என்று மண்டியிட்டார்கள். சாமியார் புகையை முகர்ந்து பார்த்து, "வெளிய போயிடுச்சு மக்களே!" என்றார். "ஆமா சாமி, அதுதான் எங்ககிட்ட இருந்த ஒரே ஆம்ப்ளிஃபயர்" என்றான் நபோர்.

எனக்கு முதலில் திருப்திதான், ரெஃபூஹியோ. வீடு வரை நடந்தபோது ஜெபமாலையில் ஒரு பத்து மணி நன்றியாகச் சொன்னேன். ஆனால் உன் மகன் சமையலறையில் உட்கார்ந்து, ஹெர்லிந்தா வைத்த மோலே குழம்புச் சாப்பாட்டை ஒரு வாய்கூடத் தொடவில்லை. அவள் எத்தனை வருடமாக என் வீட்டில் சமைக்கிறாள், இருந்தும் அன்று என் முகத்தைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துப் பேசினாள். "புள்ள ஆசையா வச்சிருந்த பெட்டி. ஊத்துங்க ஊத்துங்கன்னு சொன்ன மகராசி யாரோ." நான் சட்டியைப் பற்றி ஏதோ குறை சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்போது இசைத்தட்டு கம்பெனியின் சாந்திபான்யேஸ் தொலைபேசியில் வந்தார். கோவில் சங்கதி அவருக்கும் எட்டியிருந்தது. பெட்டி இல்லாவிட்டால் பரவாயில்லை, கம்பெனி வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், எவரார்தோ மட்டும் வந்து மொழிபெயர்த்த பாட்டுகளைப் பாடினால் போதும், மற்ற பையன்களும் அவர்கள் பாட்டும் வேண்டாம், இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து என்றார். உன் மகன் குரலை உயர்த்தவில்லை. "அப்ப ரத்துனே வச்சுக்கங்க சார். அடுத்தவன் வார்த்தைய நான் வாயில போட்டுக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். வைக்கும்போது அவன் தாடை இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அப்படியே நம் அப்பா.

பிறகு அவன் மின்சாரமே இல்லாத பழைய கிதாரை எடுத்து, ஹெர்லிந்தா பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே மெல்லப் பாடினான். இத்தனை மாதமாக அந்தப் பெட்டியின் இரைச்சலில் ஒரு சொல்லும் எனக்குக் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். ஒரு வீட்டில் ஒரு அம்மாள் தினமும் காலையில் வானொலியைத் துடைக்கிறாளாம். திருகைத் திருப்பிப் போடுவதில்லையாம். திருப்பினால், கணவர் இறந்துபோன செய்தியை அது சொல்லிவிடும் என்று பயமாம். முதலில் கோபம்தான் வந்தது. என் அனஸ்தாசியோ இறந்த நாளிலிருந்து அவர் வானொலியைப் பின்னல் துணி போட்டு மூடியிருப்பது உண்மை, துடைப்பதும் உண்மை. பயம் என்பது அவனுடைய சொந்தக் கற்பனை. அதைச் சொல்லத்தான் சமையலறைக்குப் போனேன். போய், "நபோரை வரச் சொல். வானொலிக்குள் கிதாரைச் செருக முடியுமா என்று கேள்" என்று சொன்னேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று செசிலியம்மாளைத்தான் கேட்க வேண்டும்.

நபோர் அதன் முதுகைக் கழற்றினான், எதையோ எதிலோ இணைத்தான். எவரார்தோ தந்தியைத் தட்டினான். கரகரவென்று ஒரு சத்தம். காலையில் எழுந்ததும் அனஸ்தாசியோ தொண்டையைச் சரிசெய்துகொள்வாரே, அந்தச் சத்தம். ஹெர்லிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒப்பந்தம் ரத்தானாலும் போய்க் கேட்டுவிடுவது என்று புதன்கிழமை பிள்ளைகளைக் கிளப்பினேன். வானொலியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் வாடகைக் காரில் அதோடு நானும் போனேன். கையுறை போட்டுக்கொண்டுதான். சாந்திபான்யேஸ் வாசலிலேயே, "இது ரெக்கார்டிங் ரூம்மா, மரச்சாமான் கடை இல்ல" என்றார். "உட்கார்ந்து ஒரு பாட்டு கேளும், பிறகு பேசும்" என்றேன். அவர் உட்கார்ந்தார். பாட்டு பாதி போனதும் வானொலியின் முள் தானாக நகர்ந்து, உள்ளேயிருந்து ஒருவர் சவர்க்காரத்தின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி சவர்க்காரம். அந்தத் திருகைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் முள் நிற்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அனஸ்தாசியோவுக்குத் தெரியும், பிறகு எனக்குத் தெரியும். ஆகவே பிரெஞ்சு கன்னியரிடம் படித்த உன் அக்கா, கம்பெனியின் தரையில், வலிக்கும் முழங்காலில் மண்டியிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் திருகைப் பிடித்திருந்தாள். வானொலி துடைக்கும் அம்மாள் பாட்டின்போது என் கை நடுங்கியது. தட்டில் அந்த இடத்தில் கிதாரும் கொஞ்சம் நடுங்கும். அதுதான் சிறந்த இடம் என்கிறார் சாந்திபான்யேஸ். எல்லாப் பாட்டையும் ஒரு எழுத்து மாற்றாமல் வாங்கிக்கொண்டார்.

இதோடு முடிந்தது. நீ சொன்னபடி நாளை வெள்ளிக்கிழமை ரயிலில் எவரார்தோ வருகிறான். பெட்டி கட்டியாகிவிட்டது. அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வழியில் சாப்பிட ஹெர்லிந்தா தமால் கட்டிக் கொடுக்கிறாள். வந்ததும் அவனைத் திட்டாதே, முதலில் சாப்பாடு போடு. உன் கணவருக்கு என் வணக்கம். உங்கள் எல்லோரையும் ஆண்டவர் தம் கையால் தொட்டு ஆசீர்வதிப்பாராக.

உன் அக்கா
தொமித்திலா, அனஸ்தாசியோவின் விதவை

பி.கு.: இதை புவெனவிஸ்தா ரயில் நிலையத்தில் வைத்து எழுதுகிறேன். மொரேலியா ரயில் சற்று முன் போய்விட்டது. எவரார்தோ அதில் இல்லை. ஏறத்தான் போனான், நான்தான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மோந்தெர்ரேயில் ஒரு அரங்கத்தில் தூக்கம் கெட்டவர்களைப் பாடக் கூப்பிடுகிறார்களாம், நேற்று மாலை சாந்திபான்யேஸ் வந்து சொன்னார். திருகைப் பிடிக்க வேறு ஆள் கிடையாது. ஆகையால் நானும் போகிறேன், வானொலிக்கும் ஒரு இருக்கை வாங்கியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மொரேலியா அரங்கத்துக்கு வருவோம். நீயும் உன் கணவரும் முன்வரிசையில் உட்காருங்கள். மேடையில் இடது பக்கம் மண்டியிட்டிருப்பது நான்தான். பாட்டு நடக்கும்போது கையசைத்துக் கூப்பிடாதே, என்னால் கையை எடுக்க முடியாது.