பேராசிரியரின் இடது காதும் நம்பர் அண்ணையும்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு எந்தக் காது பழுது என்பதை வாசலில் வைத்தே சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் வைத்தியர் அல்லர். எங்கள் ஆஸ்பத்திரியின் காது கிளினிக்கில் நோயாளிகளை நம்பர் சொல்லிக் கூப்பிடும் சிற்றூழியர். நம்பர் அண்ணை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் ஊழியர் கையெழுத்திடும் வரவுப் புத்தகத்துக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

நான் அதே கிளினிக்கில் நோயாளிகளுக்கு நம்பர் துண்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காது கேளாதவர்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுவது லேசான வேலையில்லை. ‘ஆறு’ என்றால் நூறு எழும்பி வரும். அண்ணை கத்தமாட்டார். முறைக்குக் காத்து நீள வாங்கில் இருப்பவர் எந்தப் பக்கம் தலையைச் சரிக்கிறார் என்று பார்த்து, நல்ல காதுப் பக்கம் போய்க் குனிந்து சொல்வார். போகிற போக்கில் என்னிடம், “பிள்ளை, நீலச் சேட்டுக்காரருக்கு வலது பழுது” என்பார். உள்ளே மெஷினும் அதையேதான் சொல்லும்.

ஒருமுறை புதிதாக வந்த டொக்டர் ஒருவர் ‘இடது’ என்று எழுதிவிட்டார். “வடிவா இன்னொருக்காப் பாருங்கோ டொக்டர், நான் நிக்கிறன்” என்று அண்ணை கதவை விட்டு அசையவில்லை. டொக்டர் மறுபடி பார்த்தார். வெட்டி, ‘வலது’ என்று எழுதினார்.

சில வருடங்களுக்கு முன், காது சத்திரசிகிச்சை நிபுணர்களின் மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. பேச ஏறினால் இறங்கமாட்டார்கள் என்று பயந்து, எங்கள் பெரிய டொக்டர் மேடையில் பேசுபவருக்கு இடப்பக்கம் ஒரு மேசை போட்டு, மணியோடு அண்ணையை இருத்தினார். முதல் மணிக்கு இரண்டு நிமிடம் மிச்சம். இரண்டாம் மணிக்கு இறங்க வேண்டும். அண்ணை ஈவிரக்கமில்லாமல் அடித்தார். கொழும்பு நிபுணர் ஒருவர் பாதி வசனத்தோடு இறங்கி ஓடினார்.

அடுத்து, கரவெட்டியில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற பேராசிரியர் ஏறினார். முதல் மணி. இரண்டாம் மணி. மூன்றாவதுக்குச் சபையே காதைப் பொத்தியது. பேராசிரியர் வலப்பக்கம் முழங்கிய ஒலிபெருக்கியில் தன் குரலையே கேட்டபடி பேசிக்கொண்டேயிருந்தார். ‘விடு’ என்று பெரிய டொக்டர் கையைக் காட்டினார். அண்ணை எழும்பி, மேடையைச் சுற்றி வலப்பக்கமாகப் போய்க் குனிந்து மெதுவாகத்தான் கேட்டார்:

“ஐயா, உங்களுக்கு இடது காது கேக்கேல்லை எல்லே?”

முன்னால் மைக் இருந்ததை மறந்துபோனார். மண்டபம் முழுவதும் கேட்டது. நாட்டின் காது நிபுணர்கள் அத்தனை பேரும் பேராசிரியரின் இடது காதைப் பார்த்தார்கள். பேராசிரியர் கடதாசிகளை அடுக்கிக்கொண்டு இறங்கினார்.

“நாளைக்கு நீர் கிளினிக்குக்கு வரத் தேவையில்லை!” பெரிய டொக்டர் அண்ணையைப் பின்கதவடியில் வைத்து ஏசினார். அண்ணையின் முகம் செத்துப்போயிருந்தது. அப்போது பேராசிரியர் வந்தார்.

“அவரை ஏசாதேங்கோ. உண்மைதான். ரெண்டு வருசமா எனக்குத் தெரியும். காது டொக்டருக்கே காது கேக்காதெண்டு சனம் சிரிக்குமெண்டு ஒருத்தருக்கும் காட்டேல்லை.”

“எங்கடை வாங்கிலை இருக்கிற எல்லாரும் இதைத்தான் ஐயா சொல்லுறவை,” என்றார் அண்ணை. “காலமை வாங்கோ, நான் கூப்பிடுறன்.”

மறுநாள், வரத் தேவையில்லை என்று ஏச்சு வாங்கிய அண்ணையும் வந்தார், பேராசிரியரும் வந்தார். நேரே உள்ளே கூட்டிப்போகப் பெரிய டொக்டர் ஓடி வந்தார். வேலை போகும் என்ற பயம் தீராத நிலையிலும் அண்ணை மறித்தார். “ஐயா இருபத்திமூண்டு. இப்பதான் பதினாறு போகுது.”

பேராசிரியர் சிரித்துக்கொண்டே வாங்கில் போய் இருந்தார். பக்கத்தில் இருந்த சாவகச்சேரிக் கிழவர், “தம்பி என்ன வேலை?” என்று கேட்க, “காது வெட்டுறது” என்று அவர் சொல்ல, கிழவர் ஒரு முழம் தள்ளி இருந்தார். முறை வந்தபோது பேராசிரியர் எழும்பி, மறுபடி இருந்துவிட்டார். அண்ணை முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

சத்திரசிகிச்சையால் மாற்றக்கூடிய பழுதுதான். பேராசிரியர் லண்டன் திரும்பித் தன் மாணவன் ஒருவனிடமே காதைக் கொடுத்ததாகவும், இப்போது கேட்பதாகவும் கடிதம் போட்டார். அதை என்னைக்கொண்டு மூன்று தரம் வாசிப்பித்த அண்ணை, “கையெழுத்து வடிவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அண்ணை இப்போது ஓய்வு பெற்று உரும்பிராயில் மரவள்ளி நட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிறுகளில் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்து, மத்தியானம் வரை அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போவார். போன ஞாயிறு நல்ல மழை. வரமாட்டார் என்று தெரிந்தும், நான் இரண்டு பேருக்குத்தான் தேத்தண்ணி வைத்தேன்.