தனியே அண்ணைக்கும் குட்டை ராசாவுக்கும் பகை

எண்பதுகளில் பாரிஸ் நகரத்து லாச்சப்பலில் இருந்த தமிழர்களுக்குள், ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ராசா ஒருவனோடு தீராத பகை வைத்திருந்தவர் தனியே அண்ணை ஒருவர்தான்.

ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது அவருடைய வேலை. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து "தனியே, தனியே" என்று முணுமுணுப்பார். ஏழு பேருக்கு நடுவில் இவருக்கு மட்டும் தனி அறை கேட்கிறதா என்று எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகுதான் விளங்கியது, அவர் சொன்னது 'தெனியே'. பெட்டிக்குள் கிடந்த, முன்னொரு காலம் பிரான்சை ஆண்ட பிராங்கியரின் வெள்ளிக்காசின் பெயராம். அதற்குள் பட்டப்பெயர் ஒட்டிவிட்டது.

"முந்தி அந்தக் காசிலை ராசான்ரை பேர் இல்லை, தெரியுமே? அடிச்ச தட்டான்ரை பேர்தான் இருந்தது. பிறகு ஒரு குட்டையன் ராசாவா வந்து, தட்டானைத் தூக்கிப்போட்டுத் தன்ரை பேரைப் போட்டிட்டான். கள்ளன்."

"அவன் செத்து எவ்வளவு காலம். விடுங்கோ அண்ணை."

"செத்திட்டா களவு இல்லையெண்டு ஆகுமே?"

சரித்திரப் புத்தகங்களே அந்த ராசாவைக் 'குட்டையன்' என்றுதான் அழைக்கின்றன என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

உண்மையான எரிச்சல் அவருடைய வதிவிட அட்டையில் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அலுவலகத்தில் தகப்பன் பெயரைப் பெரிதாகப் போட்டு, இவர் பெயரைக் கீழே தள்ளிவிட்டார்கள். போன இடமெல்லாம் அவரைத் தகப்பன் பெயரால் 'முசியே கந்தையா', திருவாளர் கந்தையா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"அப்பர் செத்துப் பதினைஞ்சு வருசம். அவரை ஏன் இஞ்சை வேலைக்குக் கூப்பிடுறாங்கள்?"

அட்டையைப் புதுப்பிக்கும் நாளில் மொழிபெயர்க்க என்னை இழுத்துப் போனார். பெயரைச் சரியாகப் போடாவிட்டால் புது அட்டையை வாங்கமாட்டாராம். அட்டை இல்லையென்றால் வேலை இல்லை. நீங்களே சொல்லுங்கள், கோபம் வருமா வராதா? என் அரைகுறைப் பிரெஞ்சில் தட்டான், காசு, குட்டையன் எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலக அம்மாவுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. பின்னால் வரிசை முழுக்க எங்களைத் திட்டியது.

"மாற்ற முடியாது" என்றார் அந்த அம்மா.

"அப்ப வேண்டாம்" என்றார் அண்ணை. எனக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் போலிருந்தது.

அந்த அம்மா அட்டையை எடுத்து, கீழே இருந்த சின்ன எழுத்தில் விரலை வைத்து, திக்கித் திக்கி வாசித்தார். "முசியே... பொன்னுத்துரை?"

"ஓம்" என்றார் அண்ணை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

படியில் இறங்கும்போது அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். நாலு வருடம் பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறேன், ஒருநாளாவது அந்தப் பெயரைச் சொல்லியிருப்பேனா? வெட்கமாகப் போய்விட்டது.

"பொன்னுத்துரை அண்ணை, வாங்கோ, ஒரு கோப்பி குடிப்பம்" என்றேன்.