ஓர் அண்டா ரசம்

ரசத்தில் உப்பு கூடிப்போயிருந்தது.

பஞ்சநதம் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினார். உப்பு சரியாயிற்று, புளிப்பைக் காணோம். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றினார். புளிப்பு வந்தது, காரம் போய்விட்டது. மிளகுக்காக எந்தெந்த தேசத்திலிருந்தோ கப்பலேறியவர்கள்கூட வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்தார்கள். பஞ்சநதத்துக்குத் தன் வீட்டு அடுப்படியில் மிளகு எந்த டப்பாவில் இருக்கிறதென்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. கண்டுபிடித்தபோது அதில் ஏழு மிளகு இருந்தது.

அறுபது வயதுவரை அவர் அடுப்படிக்குள் வந்தவரில்லை. இரண்டு வேலி நிலம், வாசலில் நாலு தூண் வைத்த வீடு, உள்ளே மனைவி அமிர்தம் என்று இருந்தவர். அமிர்தம் போய்ச்சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரே மகள் பூதலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். "இங்க வந்து எங்களோட இருங்கப்பா" என்று அவள் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தாள். "அறுப்பு முடியட்டும்" என்று இவர் பதில் போட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் இரண்டு சமையல்காரர்கள் வந்துபோனார்கள். முதல் ஆளின் ரசத்தைச் சாயத்தண்ணி என்றார். இரண்டாவது ஆளிடம் ஒன்றும் சொல்லவில்லை, கிண்ணத்தை மட்டும் தள்ளி வைத்தார். அவன் அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிட்டான்.

அவருக்கு வேண்டியது அமிர்தம் வைக்கிற ரசம். அதில் மெல்லிசாக ஒரு கசப்பு இருக்கும். குடிக்கும்போது தெரியாது, தொண்டையில் இறங்கிய பிறகுதான் தெரியும். சூட்சுமம் பொடியில் இருந்தது. பொடி இடிக்கிற நாளில், "மிளகா நெடி உங்களுக்கு ஆகாது, வயப்பக்கம் போயிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிடுவாள். அவள் விட்டுப்போன பொடியைச் சமையல்காரர்களுக்குக் காட்டாமல் வைத்து, சோற்றில் தூவிப் பிசைந்தே நாளை ஓட்டினார்; அதுவும் போன வாரம் தீர்ந்தது. டப்பாவில் வெந்நீர் ஊற்றிக் கலக்கிக்கூடக் குடித்துப் பார்த்துவிட்டார்.

வேதாரண்யம் பஸ் திரும்புகிற முனையில் ஹாஜா மைதீனின் மளிகைக் கடை. அங்கே போய்க் கால் கிலோ மிளகு வாங்கி வந்து தட்டிப் போட்டார். கண்ணில் நீர் வந்தது. தண்ணீர் ஊற்றினார். சட்டி நிறைந்தது, குண்டானுக்கு மாற்றினார். மறுபடி கடைக்குப் போய்ப் புளி வாங்கினார். மூன்றாம் முறை மல்லி, சீரகம். பெருங்காயத்தை எவ்வளவு போடுவதென்று தெரியாமல் ஒரு கட்டியை அப்படியே போட்டார். அந்த வாடையை அடக்க இன்னும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. குண்டானும் போதவில்லை. கடைசியில் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவை ஏற்றி, தென்னை மட்டையை வைத்து எரித்தார்.

நான்காம் முறை கடைக்குப் போனபோது ஹாஜா மைதீன் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னண்ணே, ஒரே மொளகும் மல்லியுமா வாங்குறீங்க? வீட்ல விசேஷமா?"

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒற்றை ஆள் எனக்கு ஒரு வாய் ரசம் வைக்கிறேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஆளுங்க வர்றாங்க பாய்."

"எத்தன பேரு?"

"ஒரு முப்பது நாப்பது பேரு இருக்கும்."

"எந்த ஊரு ஆளுங்க?"

"வெளியூருதான்."

அந்த வருஷம் அந்த ஊரில் யாரும் சொல்லக்கூடாத சொல் அதுதான். ஆட்சி மாறி இரண்டு வருஷமாகியிருந்தது. கூலிப் பேச்சு தாலுகா ஆபீசில் மூன்று தடவை முறிந்து, விளைந்த கதிர் தலைசாய்ந்து நின்றது. வெளியூர் ஆளை அறுப்புக்கு இறக்கினால் ஒருவனும் வயலில் கால் வைக்க முடியாது என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொல்லியிருந்தது. பக்கத்து ஊரில் இதற்காக இரண்டு மண்டை உடைந்திருந்தது.

பஞ்சநதம் வீட்டுக்கு வந்து கறிவேப்பிலையை உருவி முடிப்பதற்குள் வாசலில் கோஷம் கேட்டது. கொடியோடு முப்பது பேருக்குமேல் நின்றார்கள். முன்னால் சங்கத் தலைவர் இராஜாங்கம். அவருடைய அப்பா இந்த வீட்டில்தான் பண்ணையாள். அவர் கொல்லைப்பக்கமாகத்தான் வருவார்; மகன் வாசலில் நின்றார்.

"ஐயா, வெளியாளுங்கள எங்க வச்சிருக்கீங்க?"

"யாரும் இல்லப்பா."

"முப்பது நாப்பது பேரு வர்றாங்கன்னு பாய் கடையில நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்ப கொல்லையில அண்டா கொதிக்குதே, அது யாருக்கு?"

"எனக்கு."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "ஒரு ஆளுக்கு ஒரு அண்டா ரசமா? குளிக்கப் போறீங்களா?"

இராஜாங்கம் சிரிக்கவில்லை. "நாங்க உள்ள பாக்கணும்."

அவர்கள் தெருவிலிருந்து யாரும் அந்த நிலைவாசலைத் தாண்டியதில்லை. பஞ்சநதம் கையிலிருந்த கறிவேப்பிலையைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

இராஜாங்கமும் இன்னும் இரண்டு பேரும் அறை அறையாகப் பார்த்தார்கள். நெல் பத்தாயத்தைக்கூடத் தட்டிப் பார்த்தார்கள். கொடியில் ஒரு வேட்டி, ஒரு துண்டு. கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாப்பிடுகிற இடத்தில் இரண்டு மணை போட்டிருந்தது. ஒன்றின்மேல் தூசி படிந்திருந்தது. அதைத் துடைக்கவுமில்லை, எடுத்து வைக்கவுமில்லை.

வெளியே வந்த இராஜாங்கத்தின் குரல் இறங்கியிருந்தது.

"யாருமில்லப்பா. நெசமாவே இவரு தனியாத்தான் இருக்காரு."

கோஷம் போட வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடியைச் சுருட்டினார்கள். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் வாசல் காலியாகிவிடும் என்பது பஞ்சநதத்துக்குப் புரிந்தது. மண்டை உடைந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

"இருங்கப்பா!" என்றார். "வந்ததுதான் வந்தீங்க. ஒரு வாய் குடிச்சிட்டு, என்ன கொறையுதுன்னு சொல்லிட்டுப் போங்க."

எல்லாரும் கொல்லைக்கு வந்தார்கள். பழக்கதோஷத்தில் ஒரு பெரியவர் மாட்டுக்கொட்டகைச் சுவரில் செருகியிருந்த கொட்டாங்கச்சியை எடுக்கப் போனார். அந்த வீட்டில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவது அதில்தான்.

"வைங்க அத," என்றார் இராஜாங்கம். பஞ்சநதத்தைப் பார்த்தார். "டம்ளர்ல குடுத்தா குடிக்கிறோம்."

பஞ்சநதம் உள்ளே போனார். பரணிலிருந்த கல்யாணப் பெட்டியைத் திறந்து, மூன்று நடை நடந்து பித்தளை டம்ளர்களைக் கொண்டுவந்து சேர்த்தார். தானே மொண்டு ஊற்றினார். மொண்டு பழக்கமில்லாததில் பாதி வேட்டியில் சிந்தியது.

குடித்த ஒருவர் இருமினார்.

"மொளகு தூக்கல்."

"உப்பே இல்ல."

"ஏங்கய்யா, பெருங்காயத்த ஒரு கட்டி அப்படியே போட்டுட்டீங்களா?"

"ஆமா."

"அடியாத்தி!"

"தக்காளி எத்தன போட்டீங்க?"

"அது வேற போடணுமா?"

இராஜாங்கம் டம்ளரைக் காலி செய்துவிட்டு மீசையைத் துடைத்தார். "சங்கத்து சார்பா ஒண்ணு சொல்றேன். புளி ரொம்ப அதிகம். கொறச்சே ஆகணும்."

கொல்லை முழுக்கச் சிரித்தது. கூடவே இன்னொரு சிரிப்பும் கேட்டது. அது தன்னுடையது என்று தெரிய பஞ்சநதத்துக்குச் சற்று நேரமாயிற்று. அவசர அவசரமாக எல்லாருக்கும் இரண்டாம் தடவை ஊற்றினார். வேண்டாமென்று கையை வைத்து மூடியவர்களுக்கும் ஊற்றப் பார்த்தார்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிதாம்ப்பா," என்றார். "புளியக் கொறைக்கலாம், உப்பப் போடலாம். ஆனா அமிர்தம் பொடியில ஒரு கசப்பு இருக்கும். அது இல்லாம எனக்குச் சோறு எறங்கல. அது என்னன்னு சொல்லாமலே போயிட்டா. இத்தன வருசம் கூட இருந்தும் எங்கிட்டகூட மறைச்சிட்டா."

அண்டாவின் கீழே மட்டை வெடித்தது.

கிணற்றடியில் பொன்னுத்தாய் நின்றிருந்தாள். அவர் வயலில் நடவானாலும் களையெடுப்பானாலும் முதல் ஆளாக இறங்குகிறவள். கூட்டத்தோடு கூட்டமாக வந்திருந்தாள். குடித்த டம்ளரை அலசித் துவைக்கிற கல்லில் கவிழ்த்துவிட்டுத் தலை நிமிராமல் சொன்னாள்:

"பாவம், அவங்க என்னத்தய்யா மறைச்சாங்க, அம்மாவுக்குத்தான் பொடி இடிக்கவே தெரியாதே, இருவத்தாறு வருசமா நீங்க குடிச்சது எங்க வேலியில கெடந்த தூதுவளையக் காயவச்சு, எங்க தெருவுல, என் ஒரல்ல நான் இடிச்சுக் குடுத்த பொடி."