முதல் பந்துக்குச் சொந்தக்காரர்

தன் கையால் ஒரு பந்தைக்கூடத் தொடாமல், ஊரின் கிரிக்கெட் வரலாற்றை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சமோவாவில், எங்கள் வைதாலோ கிராமத்தில், அவர் பெயர் பெசமினோ.

மைதானத்தில் ஆட்டம் தொடங்கினால் போதும். ஈரப்பலா மர நிழலில் பாயை விரித்து, அவித்த சேப்பங்கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, பக்கத்தில் அகப்பட்டவரிடம், கப்பலில் வந்த வெள்ளைக்கார மாலுமிகளோடு நடந்த முதல் ஆட்டத்தையும், அதில் முதல் மட்டை பிடித்த தன் கொள்ளுத்தாத்தா அடித்த அடியில் பந்து பவளப்பாறையைத் தாண்டிக் கடலில் விழுந்ததையும் சொல்ல ஆரம்பித்துவிடுவார். போன வருஷம் சொன்னபோது பந்து பாறையில்தான் விழுந்தது. இந்த வருஷம் ஒரு சுறாவும் செத்தது. யார் போய்க் கேட்பது?

அப்போதுதான் மைதானத்துக்கு சிமெண்டில் ஆடுகளம் போட்டு, முதல் ஆட்டக்காரரின் பெயரைக் கல்லில் பொறிப்பதென்று ஊர்ச்சபை முடிவுசெய்தது. பெசமினோ புதுச்சட்டை தைத்துக்கொண்டார். அவருடைய மச்சான் ஃபாலானிகோ மட்டும் ஆதாரம் வேண்டும் என்றார். தலைநகர் ஆபியாவில் டீச்சராக இருக்கும் எங்கள் ஊர் லாகி, அந்தக் கப்பல் அதிகாரியின் நாட்குறிப்பைத் தேடிப்பிடித்து வந்து சபையில் படித்தாள். கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்தது. முதல் மட்டை பிடித்ததும் உண்மை. முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்ததும், அவர் மட்டையைத் தர மறுத்து அங்கேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டதும் அடுத்த வரியில் இருந்தன.

சபை சிரித்து ஓய்வதற்குள் பெசமினோ எழுந்து போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் வரவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த கீரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாலாம் நாள் அவராகவே சபைக்கு வந்தார்.

"ஏன் மச்சான், இந்த ஊர்ல முதன்முதலா அவுட்டானது யாரு?"

"உங்க கொள்ளுத்தாத்தாதான்," என்றார் ஃபாலானிகோ.

"அப்ப அதையே கல்லுல போடுங்க. அவருக்கு முன்னாடி இங்க எவனும் அவுட்டானதில்ல."

ஆதாரம் கேட்டவர்களே ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள். கல்லில் பொறித்தாயிற்று.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் குடும்பத்திலும் ஒரே ஒரு மார்க்கில் கலெக்டர் வேலையைத் தவறவிட்டவர் ஒருவர் இருப்பார். போன கல்யாணப் பந்தியில் அந்தக் கதையைச் சொன்னது யார்?