இருபது நிமிட இசையும் கொக்குவில் கேற்றும்

யாழ்ப்பாணத்தில் ஒரு விழா நடப்பதற்கு ஒலிபெருக்கி, பொன்னாடை, பிரதம விருந்தினர் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. கலை நிகழ்ச்சி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இந்த அடிப்படை உண்மை தெரியாமலே வளர்ந்துவிட்டவள் கொக்குவில் உதயகலா.

அவள் கிளாரினெற் வாசிப்பாள். புல்லாங்குழல், ஓபோ, ஹோர்ன் வாசிக்க மூன்று பேர். நெஞ்சுயரம் வரும் பசூன் என்ற குழலை ஊத றஜிந்தன். ஐந்து பேரும் ஒரு ரியூசன் கொட்டிலில் இரண்டு வருசம் ஒத்திகை பார்த்து, இருபது நிமிட உருப்படி ஒன்றைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். அறையிசை என்பது அதன் வகை. சின்ன மண்டபம், நாற்பது கதிரை, மைக் கிடையாது. வந்தவர்கள் வாய் மூடிக் கேட்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனைதான் வில்லங்கம். உதயகலாவின் வீட்டாரே அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கியதில்லை. ஒருதரமாவது யாராவது முதலிலிருந்து முடிவு வரை கேட்டுவிட வேண்டும். அதை நினைத்தால் அவளுக்கு அழுகையே வரும்.

மண்டபம் கலை ஊக்குவிப்புப் பணிமனைக்குச் சொந்தம். அங்குள்ள உத்தியோகத்தர் சண்முகநாதன் நல்ல மனுசன். யாருடைய விண்ணப்பத்தையும் அவர் மறுத்தது கிடையாது. படிவத்தில் இடமில்லாததைத்தான் மறுப்பார்.

“மைக் வேண்டாமோ? அப்ப பேச்சாளர்மார் என்னெண்டு பேசுறது?”

“பேச்சாளர் ஒருத்தரும் இல்லை சேர். நாங்கள் வாசிப்பம், சனம் கேக்கும்.”

சண்முகநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

“பிள்ளை, சனம் வந்து கேட்டுட்டுப் போறதுக்குப் பேர் விழா இல்லை. விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை ஏழு, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை. இதுக்குள்ளை இருபது நிமிசத்தை நான் எங்கை செருகிறது?” திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. “பொறும். ‘விருந்தினரை அழைத்து வருதல்’ எண்டு ஒரு நிரை வெறுமையாக் கிடக்கு.”

“அது பாண்ட் கோஷ்டியின்ரை வேலை சேர்!”

“அவையும் ஊதுகினம், நீங்களும் ஊதுறியள். ஊதுறதிலை அரசாங்கம் பாரபட்சம் பாக்கிறேல்லை.”

“பசூனை இருந்துதான் வாசிக்கலாம்.”

“லான்ட்மாஸ்ரர் உழவு மிசின் ஒண்டு பிடிச்சுத் தாறன். பின்னாலை பூட்டின பெட்டிக்குள்ளை கதிரை போட்டு இருக்கட்டும்.”

“வாசலிலை இருந்து மேடைக்கு ரண்டு நிமிசம். எங்கடை உருப்படி இருபது நிமிசம்!”

சண்முகநாதன் கடமை தவறாதவர். யோசித்தார். “அப்ப விருந்தினரைத் தூரத்திலை இறக்குவம். றெயில் கேற்றுக்கு அங்காலை.”

அவ்வாறே ஆயிற்று. குறித்த நாளில் மாலை போட்ட விருந்தினர் ஒன்பது பேர் வெயிலில் நடக்க, முன்னால் நால்வர் ஊத, அவர்களுக்கும் முன்னால் லான்ட்மாஸ்ரரில் றஜிந்தன் குலுங்கிக்கொண்டு போனான். எஞ்சின் போட்ட சத்தத்தில் பசூன் இருக்கிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை.

கேற்றடிக்கு வரவும் கேற் விழுந்தது. ஒரு றெயில் போனது. எதிர்ப்பக்கத்தால் இன்னொன்று வர இருந்ததால் கேற் திறக்கவில்லை. லான்ட்மாஸ்ரர் நின்றது. மோட்டார் சைக்கிள்கள், ஓட்டோக்கள், அச்சுவேலி மரக்கறி லொறி எல்லாம் எஞ்சினை நிறுத்தின. உதயகலா மற்ற நால்வரையும் பார்த்துத் தலையை அசைத்தாள். முதலிலிருந்து தொடங்கினார்கள்.

லொறிக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கொழும்புத்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டியோடு வந்த இன்னாசித்தம்பி சத்தம் போட்டார்: “தம்பி, உந்தப் பாட்டை நிப்பாட்டு. உவையள் என்னவோ நல்லதா வாசிக்கினம்.”

ரேடியோ நின்றது. பிறகு ஒரு சத்தமில்லை. பிரதம விருந்தினர்கூடத் தொலைபேசியைப் பார்க்கவில்லை. பதினெட்டு நிமிடம்! இன்னும் இரண்டு நிமிடம் இருக்கையில் இரண்டாவது றெயில் போய், கேற் எழும்பியது. நூறு வாகனம் ஒன்றாக ஹோர்ன் அடித்தன. முதலில் அடித்தவர் இன்னாசித்தம்பி.

மண்டபத்தில் மூன்றரை மணித்தியாலம் பேச்சு. “இனிய பாண்ட் இசை வழங்கிய பிள்ளைகளுக்கும்” நன்றி சொல்லப்பட்டது. சண்முகநாதன் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையின் பிரதி ஒன்று உதயகலாவுக்கும் வந்தது. ‘இடம்: றெயில் கேற்றடி. பார்வையாளர்: நூற்றுநாற்பது. இடையில் எழுந்து சென்றோர்: எவருமில்லை.’

அதை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். அடுத்த திங்கட்கிழமை பணிமனைக்குப் போனாள்.

“சேர், ஒரு படிவம் வேணும்.”

“மண்டபத்துக்கோ?”

“இல்லை சேர். கேற் மூடுறதுக்கு. இருபது நிமிசம்.”

சண்முகநாதன் கொஞ்சமும் அதிரவில்லை. மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தார். “பிரதம விருந்தினர் ஆர்?”

“ஆரெண்டாலும் போடுங்கோ. அவரின்ரை கதிரையை மட்டும் கேற்றுக்கு மற்றப் பக்கத்திலை போடுங்கோ.”

இசை வளர்ச்சியை முன்னிட்டு எதிர்வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணி தொடக்கம் இருபது நிமிடங்களுக்குக் கேற் மூடப்படும் என்று இப்போது அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் மண்ணில் கலைக்கு இப்படியொரு மதிப்பா என்று ஊரே புல்லரித்துப் போயிருக்கிறது. சனிக்கிழமை எந்த ஒழுங்கையால் சுற்றிப் போகலாம் என்றும் விசாரித்து வைத்துவிட்டோம்.